தறி நிற்காமல் ஓடும்போது இன்ஸ்டாகிராம் எதற்கு? இளம்பிள்ளை சேலைக்காரர் ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேட்டிருந்தது இதுதான்: சேலம் பக்கம் இளம்பிள்ளையில் இரண்டு தலைமுறையாக விசைத்தறிச் சேலை. சரக்கு முழுக்க மொத்த வியாபாரிகளுக்குப் போகிறது, தறி நிற்பதில்லை. படிப்பை முடித்துவிட்டு வந்த மகள், இன்ஸ்டாகிராம், யூடியூப் தொடங்கலாம், நமக்கென்று ஒரு பிராண்ட் வேண்டும் என்கிறார். சரக்கு நன்றாக இருந்தால் தானாக விற்காதா, இந்த வேலையெல்லாம் தேவையா?

தேவைதான் அண்ணா. ஜவுளிக்காரர்களுக்கு ஆன்லைன் வியாபாரத்தை அமைத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு, இவன் வேறு எப்படிச் சொல்வான் என்று நீங்கள் நினைத்தால் அதுவும் நியாயம்தான். ஆனால் பக்கம் தொடங்கினால் ஆர்டர் கொட்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. பல பேருக்கு முதல் சில மாதங்கள் ஒன்றுமே கொட்டாது, சொந்தக்காரர்கள் போடும் லைக் மட்டும்தான் விழும்.

உங்கள் சேலைக்கு இன்று விலை சொல்வது யார் என்று பாருங்கள். நீங்கள் ஒரு விலை சொல்கிறீர்கள். வியாபாரி ஃபோனை எடுத்து இன்னொரு தறிக்காரர் அனுப்பிய படத்தைக் காட்டி, இதே டிசைன், இருபது ரூபாய் கம்மி, என்ன சொல்றீங்க என்கிறார். நீங்கள் இறங்கி வருகிறீர்கள், நூல் விலை ஏறின மாதத்திலும் இறங்கித்தான் வருகிறீர்கள், ஏனென்றால் உங்கள் குடோனைத் தாண்டிவிட்டால் அந்தச் சேலை உங்களுடையது என்று யாருக்கும் தெரியாது. மதுரைக் கடை தன் லேபிளை ஒட்டுகிறது, சென்னையில் வீட்டிலிருந்தே விற்கும் ரீசெல்லர் தன் வாட்ஸ்அப் குரூப்பின் பெயரில் அனுப்புகிறார். கட்டிப் பார்த்துப் பிடித்துப்போன பெண் அடுத்த முறை தேடுவது அந்த ரீசெல்லரைத்தான். அவரோ அடுத்த முறை வேறு தறியில் எடுத்துக்கொள்வார், உங்களிடம் சொல்லக்கூட மாட்டார். சரக்கு நன்றாக இருந்தால் தானாக விற்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்த நல்ல பெயர் இப்போது யார் கணக்கில் போய்ச் சேருகிறது?

இதைச் செய்து காட்டியவர்கள் நம் பக்கத்திலேயே இருக்கிறார்கள். வேட்டியைப் பெரும்பாலும் கரையைப் பார்த்து, துணியைத் தொட்டுப் பார்த்துதான் வாங்கினோம், யார் நெய்தது என்று கேட்டதில்லை. 1983-ல் திருப்பூரில் தொடங்கிய ராம்ராஜ் வேட்டிக்கு ஒரு பெயரை ஒட்டியது, வேட்டி கட்டியவனுக்கு சல்யூட் அடிக்கும் விளம்பரத்தைப் போட்டது, அப்புறம் கடைக்காரரிடம் "ராம்ராஜ் இருக்கா" என்று கேட்க வைத்தது. நூலும் தறியும் பக்கத்து ஊர்க்காரரிடமும் இருந்தவைதான். ஆனால் டிவி விளம்பரத்துக்குக் கொட்டிக் கொடுக்கப் பணம் வேண்டும், உங்களைப் போன்றவர்கள் அதை நினைத்தே பார்த்திருக்க முடியாது. இன்று அதே பெயரெடுக்கும் வேலையை மகளின் கையில் இருக்கும் ஃபோனில் தொடங்கலாம் என்பது மட்டும்தான் புதிது. மற்றபடி பிராண்ட் என்பது சமூக ஊடகம் வந்த பிறகு முளைத்த விஷயம் இல்லை.

இன்னொன்று, ஆட்கள் வாங்கும் விதம் மாறிவிட்டது. கோயம்புத்தூரில் பொட்டிக் வைத்திருக்கும் ஒருவர் யாரோ சொல்லி உங்கள் நம்பரை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதாயிரம் அட்வான்ஸ் போடுவதற்கு முன்னால் அவர் உங்கள் பெயரை ஃபோனில் அடித்துப் பார்ப்பார். ஒன்றும் வராவிட்டால் உங்களைத் திருடன் என்று நினைக்க மாட்டார், ஆனால் கொஞ்சம் தயங்குவார், அந்த நேரத்தில் படங்களும் முகவரியும் நாலு பேர் எழுதிய கருத்துகளும் இருக்கிற இன்னொருவர் கண்ணில் படுவார். முன்பு ஏஜென்ட் வந்து "அவர் நம்ம ஆள், நம்பிக் கொடுக்கலாம்" என்று சொன்ன வேலையை இன்று அந்தப் பக்கம் செய்கிறது. மொத்த வியாபாரத்துக்கே இது வேண்டும், சில்லறைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

அதனால் முதல் வேலை கூகுள் மேப்பில் உங்கள் இடத்தைச் சேர்ப்பது, இன்ஸ்டாகிராம் அப்புறம். இதற்குப் பணம் கிடையாது. கடையின் முகப்பு, உள்ளே அடுக்கியிருக்கும் சேலை, ஃபோன் நம்பர், ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்ற தகவல், இவ்வளவு போதும். கல்யாணத்துக்குச் சேலை எடுக்கக் கார் வைத்துக்கொண்டு இளம்பிள்ளைக்கு வரும் குடும்பங்கள் எங்கே திரும்பணும் என்று ஊருக்குள் வந்துதான் ஃபோனைப் பார்க்கிறார்கள்.

அடித்துத் தேடும்போது உங்கள் பெயர் கிடைக்க வேண்டுமே, அதுதான் அடுத்த சிக்கல். நம் பக்கத்தில் ஸ்ரீ முருகன் டெக்ஸ், ஸ்ரீ அம்மன் சில்க்ஸ் என்று வைத்துவிடுவோம். சாமி பெயர் வைப்பதில் தப்பில்லை, ஆனால் தேடிப் பார்த்தால் சேலத்திலிருந்து ஈரோடு வரை அதே பெயரில் வரிசையாக வரும், எது நீங்கள் என்று தெரியாது. உங்கள் பெயரை நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள். ஜிஎஸ்டியில் இருக்கும் பழைய பெயர் அப்படியே இருக்கட்டும், சேலைக்கு மட்டும் தனியாக, வேறு யாரும் வைக்காத, ஒரு தடவை கேட்டால் எழுதத் தெரிகிற பெயரை வையுங்கள். வைத்த கையோடு டிரேட்மார்க்குக்கு விண்ணப்பித்துவிடுங்கள். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு, அதாவது ஒரு சரக்கு வகைக்கு, அரசுக் கட்டணம் 4,500 ரூபாய், பதிவானால் 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். வக்கீல் கூலி தனி. பெயர் கொஞ்சம் பிரபலமான பிறகு அதே பெயரில் போலிப் பக்கம் முளைக்கும்போதுதான் இந்தக் காகிதத்தின் அருமை தெரியும்.

பெயர் என்றதும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இளம்பிள்ளைச் சேலையைக் காஞ்சிபுரம் பட்டு என்று போட்டு விற்கிற பக்கங்கள் நிறைய இருக்கின்றன. காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது, அதாவது அந்த ஊர்ச் சரக்குக்கே உரிய பெயர், அந்தப் பெயரை நாம் எடுத்துப் போட முடியாது. விசைத்தறியில் ஓட்டியதைக் கைத்தறி என்று போடுவதும் அதே ரகம்தான். சட்டத்தை விடுங்கள், வியாபாரமாகவே பார்த்தாலும் நஷ்டம். காஞ்சிபுரம் என்று நினைத்து வாங்கியவர் அதன் தரத்தை எதிர்பார்த்துத் திட்டுவார், இளம்பிள்ளை சாஃப்ட் சில்க், விசைத்தறி, சுத்தப் பட்டு இல்லை என்று தெரிந்து வாங்கியவர் இந்த விலைக்கு இவ்வளவு நல்லா இருக்கே என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டுவார். யூடியூப் வீடியோக்களைப் பார்த்துவிட்டு இளம்பிள்ளைச் சேலை என்று ஊர்ப் பெயரைச் சொல்லியே தேடுகிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். தானாக வந்த பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொரு ஊர்ப் பெயரை ஏன் கடன் வாங்க வேண்டும்?

சரி, என்ன போடுவது? கம்ப்யூட்டரில் செய்த பூங்கொத்துப் படத்தில் காலை வணக்கம் போடாதீர்கள், அது போதும் முதல் மாதத்துக்கு.

விளையாட்டில்லை, சேலைக்காரருக்குப் பெரிய பிரச்சினை கலர். நிறையச் சேலை திரும்பி வருவது இதனால்தான். அரக்கைப் படம் எடுத்தால் ஃபோன் அதைத் தக்காளிச் சிவப்பாக்கிவிடும். வெங்காயக் கலர் ட்யூப்லைட்டில் சாம்பலாகத் தெரியும். மயில்கழுத்து மாதிரி பாவு (நீள நூல்) ஒரு கலரும் ஊடை (குறுக்கு நூல்) ஒரு கலருமாக ஓட்டிய சேலையைப் படத்தில் காட்டவே முடியாது, திருப்பினால்தான் இரண்டு கலரும் அடிக்கும், அதற்கு வீடியோதான் வேண்டும். செய்ய வேண்டியது இவ்வளவுதான்: காலையில் ஜன்னல் பக்கம், நேர் வெயில் படாத வெளிச்சத்தில், ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, முந்தியைக் கையில் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். ஃபில்டர் கூடாது. பிறகு சேலையைப் பின்பக்கம் புரட்டிக் காட்டுங்கள், புட்டாப் பூவின் பின்னால் நூல் எப்படி வெட்டியிருக்கிறது என்று தெரியட்டும், தைக்கத் தெரிந்த பெண்கள் அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஜரிகை குத்துமா குத்தாதா, பிளவுஸ் துணி எவ்வளவு, தண்ணீரில் போடலாமா, இதை உங்கள் வீட்டம்மா பேசட்டும். மாடல் வைத்து எடுத்த படத்தைவிட, கட்டிப் பார்த்தவர் பேசும் அரை நிமிட வீடியோவுக்கு மதிப்பு அதிகம். படத்தைத் திருடி வேறு பக்கத்தில் போட்டுவிடுவார்கள், வீட்டம்மா பேசுகிற வீடியோவைத் திருடி என்ன செய்வது?

நெய்கிறவரையும் காட்டுங்கள். கோ-ஆப்டெக்ஸில் உ. சகாயம் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, பட்டுச் சேலையோடு அதை நெய்தவரின் படமும் பெயரும் உள்ள அட்டையை வைத்தார்கள். 1935-ல் தொடங்கிய கூட்டுறவு நிறுவனம், இன்ஸ்டாகிராம் நம் வியாபாரிகளிடம் பெரிதாகப் பரவாத காலத்திலேயே செய்த காரியம் அது. வாங்குகிறவருக்கு அந்தச் சேலை ஒரு ஆளிடமிருந்து வந்தது என்று தெரிந்தது. உங்களிடம் தறி ஓடும் சத்தமே இருக்கிறது, பாவு ஏற்றுவது, நூல் அறுந்தால் முடிச்சுப் போடுவது, புது டிசைனில் முதல் சேலை இறங்கும்போது பார்டர் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது. ரீசெல்லரால் இதைக் காட்ட முடியாது, ஏனென்றால் அவரிடம் தறி இல்லை. உங்களுக்கு இருக்கும் ஒரே பெரிய சாதகம் அதுதான். தறி ஓட்டுகிறவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், சிலருக்குப் பிடிக்காது.

விலையை மறைக்காதீர்கள். "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்ற பழக்கம் எங்கிருந்து வந்ததோ, எனக்குப் பிடிப்பதே இல்லை. கேட்கக் கூச்சப்பட்டுப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம், கேட்கிறவர்களும் பாதிப் பேர் விலை தெரிந்ததும் பதில் சொல்லாமல் போய்விடுவார்கள், உங்கள் மகள் நாள் முழுக்க அதையே தட்டிக்கொண்டிருப்பார்.

ஆனால் விலையைப் போட்டால் பழைய வியாபாரிகள் சண்டைக்கு வருவார்களே, நீங்கள் வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் உள்ளே இருக்கும் பயம் அதுதான் என்று நினைக்கிறேன். அது நிஜமான பயம். மதுரைக் கடையில் 1,400-க்கு விற்கிற சேலையை நீங்கள் உங்கள் பக்கத்தில் 900-க்குப் போட்டால் அந்தக் கடைக்காரர் மறுநாள் கணக்கை முடித்துக்கொள்வார், அவர் மேல் தப்பும் இல்லை. இதில் அவசரப்பட்டு முப்பது வருட வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. மொத்தத்துக்குப் போகும் டிசைனை உங்கள் பக்கத்தில் ஒற்றைச் சேலையாக விற்காதீர்கள். ஒன்றிரண்டு தறியை ஒதுக்கி, உங்கள் பெயருக்கென்று தனி டிசைன், தனிக் கலர் ஓட்டுங்கள், அதை மட்டும் சில்லறை விலையில், கடைக்காரர் வைக்கும் அளவுக்கே லாபம் வைத்துப் போடுங்கள். கொரியர், பேக்கிங், திரும்பி வரும் சரக்கு எல்லாம் போனால் அந்த லாபம் ஒன்றும் அதிகம் இல்லை என்பது போகப் போகத் தெரியும். மொத்த டிசைன்களுக்குப் படம் மட்டும் போட்டு "கடைக்காரர்கள் தொடர்புகொள்ளவும்" என்று எழுதினால் போதும். பழைய வியாபாரிகளிடம் தொடங்குவதற்கு முன்பே நேரில் சொல்லிவிடுங்கள். அடுத்தவர் சொல்லித் தெரிந்தால் கோபம் இரண்டு மடங்காகும். சிலர் நீங்கள் எடுத்த வீடியோவையே வாங்கித் தங்கள் ஸ்டேட்டஸில் போட்டுக்கொள்வார்கள், அப்போது உங்கள் பெயர் அவர் மூலமாகவே போய்ச் சேரும்.

எந்த இடத்தில் தொடங்குவது என்றால், இரண்டு போதும். யூடியூபில் போட்ட வீடியோவை இரண்டு வருடம் கழித்தும் தேடி வருவார்கள். இன்ஸ்டாகிராமில் போட்டது சில நாளில் கீழே போய்விடும், ஆனால் புது ஆட்களிடம் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும். எல்லாவற்றிலும் கணக்குத் திறந்துவிட்டுப் பாதியைப் பூட்டிப்போடுவது திறக்காததைவிட மோசம், கடைசிப் பதிவு போன வருடத் தீபாவளியில் நின்றிருந்தால் கடையை மூடிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

இவற்றில் எதையும் உங்கள் சொந்த இடம் என்று நம்பிவிடாதீர்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது, அதில் லட்சக்கணக்கில் ஆட்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. அடுத்த சில நாட்களில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸைக் கொண்டுவந்தது, பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பித்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து ஆறு மணி நேரம் போலப் படுத்துவிட்டன. அதனால் வாங்கியவர்களின் பெயர், நம்பர், ஊர், என்ன கலர் எடுத்தார் என்பதை அவர்கள் சம்மதத்தோடு உங்கள் நோட்டிலோ எக்ஸெலிலோ தனியாக எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் பிசினஸில் பிராட்காஸ்ட் லிஸ்ட் போட்டு ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பலாம், ஆனால் உங்கள் நம்பரைத் தன் ஃபோனில் சேமித்தவருக்குத்தான் அது போகும், ஒரு லிஸ்டில் 256 பேர்தான். பார்சலுக்குள் வைக்கும் சீட்டில் "இந்த நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று அச்சடித்துவிடுங்கள், கூடவே உங்கள் சேலையின் பெயரையும்.

பெயர் வந்தால் திட்டும் வரும். மொத்தத்தில் பத்துச் சேலை பழுது என்றால் வியாபாரி கணக்கில் கழித்துக்கொள்வார், யாருக்கும் தெரியாது. இங்கே ஒரு சேலையில் இழை விட்டிருந்தால் படத்தோடு எல்லார் முன்னாலும் கேட்பார்கள். கமெண்ட்டை அழித்தால் ஸ்கிரீன்ஷாட்டோடு திரும்பி வருவார்கள். அங்கேயே, எல்லாரும் பார்க்க, மாற்றித் தருகிறோம் என்று எழுதிவிட்டு மாற்றிக் கொடுத்துவிடுங்கள், ஒரு சேலை போனால் போகிறது, அந்தப் பதிலை நூறு பேர் படிப்பார்கள். "நோ ரிட்டர்ன்" என்று பெரிதாகப் போட்டுக்கொள்வதெல்லாம் செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள சரக்கையோ சொன்னதற்கு மாறான சரக்கையோ திருப்பி வாங்க மாட்டேன் என்று சொல்லக் கூடாது. கலர் பிடிக்கவில்லை என்பது வேறு, அதற்கு உங்கள் விதியை முன்கூட்டியே எழுதி வையுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது, கேட்கலாம், ஆனால் வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பழுதான சேலையை மறுத்துச் சண்டை போடாதீர்கள்.

காசு கொடுத்து இன்ஃப்ளூயன்சரைப் பேச வைக்கலாமா என்றால், முதல் வருடம் வேண்டாம். பேசினாலும் அது விளம்பரம் என்று வெளிப்படையாகப் போட வேண்டும், 2021-லிருந்து விளம்பரத் தர அமைப்பு அப்படித்தான் விதி வைத்திருக்கிறது. அந்தப் பணத்தில் நல்ல டிசைனுக்கு ஒரு வரைவு போடுங்கள்.

எல்லாருக்கும் இது வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். சொந்த டிசைன் இல்லாமல், ஒருவர் கொடுக்கும் பாவுக்குக் கூலிக்கு ஓட்டுகிறவருக்கு இன்றைக்குப் பக்கம் எதற்கு, காட்டுவதற்கு அவருடையது என்று ஒன்றும் இல்லை. உங்களுக்கு அப்படி இல்லை. டிசைன் உங்களுடையது, கலர் சேர்ப்பது உங்கள் வீட்டில், பெயர் மட்டும்தான் ஊரான் பெயர்.

மகளிடம் கொடுத்துவிடுங்கள், ஆனால் முழுக்க அவர் தலையில் கட்டிவிடாதீர்கள். வீடியோ, பதில் சொல்வது, கணக்கு எழுதுவது அவர். எந்தச் சேலையைப் போடலாம், என்ன விலை என்பது நீங்கள். பேக்கிங்குக்கு ஒரு ஆள், அனுப்புவதற்கு முன் சேலையை முழுதாகப் பிரித்துப் பழுது பார்க்கத் தெரிந்தவராக இருக்கட்டும். வெளிமாநிலத்துக்கு அனுப்பும்போது ஜிஎஸ்டி பில் எப்படிப் போடுவது என்று ஆடிட்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். பணம் போட்டாச்சு என்று வரும் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து யாரும் பார்சலைக் கட்டக் கூடாது, போலி ஸ்கிரீன்ஷாட் நிறைய சுற்றுகிறது. பேங்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு கட்டினால் போதும்.